கொடி முந்தியது, கோடு பிந்தியது

மதியம் சாப்பிட்டுவிட்டு 1947 இந்திய சுதந்திரச் சட்டத்தைத் திறந்தேன். மொத்தமே 20 பிரிவுகள்தான்.

ஜூலை 18 மன்னர் ஒப்புதல், ஆகஸ்ட் 15 முதல் இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டு டொமினியன்கள் (மன்னரின் பெயரில் தன்னாட்சி நடத்தும் நாடுகள்). சமஸ்தானங்கள் மீதிருந்த பிரிட்டிஷ் மேலாதிக்கமும் ஏழாவது பிரிவோடு காலி. (ஹைதராபாத், காஷ்மீர் தலைவலியெல்லாம் அப்புறம்.)

என் கண் நின்றது கடைசியில் இருக்கும் அட்டவணையில். பாகிஸ்தானுக்குப் போகும் கிழக்கு வங்காளத்துக்கு என்று தற்காலிகமாக எழுதிய மாவட்டங்களில் முர்ஷிதாபாத்தும் இருக்கிறது. அதை நம்பி அங்கே பாகிஸ்தான் கொடி ஏற்றினார்கள். பட்டியலில் இல்லாத குல்னாவில் இந்தியக் கொடி. இரு நாடுகளுக்கும் எல்லை வகுத்த ராட்கிளிஃப் கோடு ஆகஸ்ட் 17-இல் வெளியானதும் இரண்டும் இடம் மாறின.

இத்தனைக்கும் ராட்கிளிஃபின் எல்லை அறிக்கையில் போட்டிருக்கும் தேதி ஆகஸ்ட் 12. சுதந்திர விழா முடியட்டும் என்று வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அதைக் கையிலேயே வைத்திருந்தார், எந்த ஊர் எந்த நாட்டில் என்று சனம் தவித்துக்கொண்டிருக்க!