லண்டன் டு நியூயார்க்: தூரம் ஒண்ணு, நேரம் ரெண்டு

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எவ்ளோ தூரம்னு எங்க தேடினாலும் 5,550 கிலோமீட்டர் சொச்சம்னுதான் வரும், ஆனா டிக்கெட்ட பாத்தா போறதுக்கு 8 மணி நேரம், திரும்பி வர்றதுக்கு 7 மணி நேரம்னு போட்டிருக்கும். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போற நேரமும் இதுலயே அடக்கம், அதனால வானத்துல இருக்கற நேரம் இன்னும் கம்மி.

ஃப்ளைட்ல எல்லாரும் படம் போட்டு பாப்பாங்க, நான் மேப்ப போட்டுட்டு உக்காந்துடுவேன். போறப்போ விமானம் நேரா மேற்கால போகாம அயர்லாந்து தாண்டி வடக்கால வளைஞ்சு ஏறுச்சு, பக்கத்து சீட்டுக்காரர் "என்னங்க, சுத்திட்டு போறான்?"னு கேட்டாரு. சுத்து எல்லாம் இல்ல, ஒரு உலக உருண்டைய எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல இழுத்து பிடிச்சு பாருங்க, நூல் வடக்கால தூக்கிட்டுதான் போகும், தட்டையான மேப்புலதான் அது வளைவா தெரியுது. சில நாள் எதிர்க்காத்துக்கு தப்பிக்கறதுக்காக அதுக்கும் மேல போயி கிரீன்லாந்த ஒட்டிகூட போவாங்களாம். அன்னிக்கு ஸ்க்ரீன்ல வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர தாண்டவே திணறிட்டு இருந்துச்சு.

திரும்பி வர்றப்போ அதே ஸ்க்ரீன்ல 1,100! இஞ்சின் என்னவோ அதே 900 சொச்சத்துக்குதான் ஓடுது, மிச்சம் எல்லாம் ஜெட் ஸ்ட்ரீம் குடுக்கறது. பத்து பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்கால ஓடற காத்து அது, வடதுருவத்துக்கும் வெப்ப மண்டலத்துக்கும் குளிர்காலத்துல வெப்ப வித்தியாசம் ஜாஸ்தி ஆகறதால அப்போதான் ரொம்ப பலமா இருக்கும். 2020 பிப்ரவரில ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 இந்த காத்துல ஏறி நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு, தரைல இருந்து கணக்கு பண்ணா வேகம் 1,300 கிட்ட. அப்போ ஒலிய முந்திடுச்சான்னா இல்ல, சுத்தி இருக்கற காத்தும் சேர்ந்துதானே ஓடுது.

ஏர் இந்தியா 2016-ல டெல்லி - சான் பிரான்சிஸ்கோ ஃப்ளைட்ட அட்லாண்டிக் பக்கம் விடாம பசிபிக் மேல விட்டதும் இதே காத்துக்காகதான், ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் அதிகம், ஆனாலும் நேரம் மிச்சம். காத்து சாதகமா இருந்தாலும் சில சமயம் வழி கிடைக்காது, 2022-ல ரஷ்யா வான்வெளிய மூடினதும் ஹெல்சின்கி - டோக்கியோ 9 மணில இருந்து 13 மணி ஆயிடுச்சு.

சீக்கிரம் வர்றது நல்லதுதானேன்னு தோணும், ஆனா நைட் ஃப்ளைட்ல அது ஒரு இம்சை. சாப்பாடு குடுத்து முடிச்சு லைட்ட அணைக்கறதுக்கே ரெண்டு மணி நேரம், அப்புறம் இறங்கறதுக்கு முன்னாடி எழுப்பி விட்டுடறாங்க, அதுல கடிகாரம் வேற 5 மணி நேரம் முன்னாடி ஓடிருக்கும், தூக்கம்னு ஒண்ணு எங்க வரும்? நியூயார்க்ல காலைல கிளம்பி ராத்திரி லண்டன்ல இறங்கற பகல் ஃப்ளைட் கொஞ்சம்தான் இருக்கு, ஆனா என்ன கேட்டா அதுல வாங்கன்னுதான் சொல்லுவேன்.