நட்சத்திரம் தெரியாத பாண்டியனுக்கு ஓர் அர்ச்சனை

தேய்பிறை அஷ்டமியன்று அப்பத்தாவுடன் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு, பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரையும் வயிரவன்பட்டியில் வளரொளிநாதரையும் வணங்கிவிட்டுத் திருப்பத்தூர் திருத்தளிநாதர் கோயிலை அடைந்தோம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. அன்றைய கூட்டமெல்லாம் யோக பைரவர் சந்நிதியில்தான் இருந்தது. அமர்ந்த கோலத்தில் இருக்கும் இந்த மூர்த்தியை இந்திரன் மகன் ஜெயந்தன் வழிபட்டதாகத் தலவரலாறு கூறுகிறது.

அரசகுமாரன் ஒருவன் வந்து நின்ற சந்நிதி என்றதும் எனக்கு வேறொரு பிள்ளையின் நினைவு வந்தது. வரிசை நகர நகர, அவன் கதையை அப்பத்தாவுக்குச் சொன்னேன்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பாண்டிய அரியணைக்கான போட்டியில் குலசேகர பாண்டியன் மதுரையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். ஆனால் இலங்கைப் படைத்தலைவன் இலங்காபுரன் படையோடு வந்து சேர்வதற்குள் பராக்கிரம பாண்டியன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். உயிர் தப்பி மலைநாட்டில் ஒளிந்திருந்த அவனுடைய இளைய மகன் வீரபாண்டியனைத் தேடி வரவழைத்து, இலங்கைப் படை அவன் பெயரில் போரைத் தொடர்ந்தது. நாங்கள் நின்றிருந்த திருப்பத்தூரிலிருந்து பொன்னமராவதி வரை வழிநெடுகப் போர் நடந்ததாகவும், பொன்னமராவதியில் இருந்த மூன்றடுக்கு அரண்மனை எரிக்கப்பட்டதாகவும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. இன்று பேருந்தில் கண்ணயர்ந்தபடி கடக்கிற வழி அது.

குலசேகரனுக்குத் துணையாக வந்த, இரண்டாம் இராசாதிராச சோழனின் படைத்தலைவன் பல்லவராயன் இலங்கைப் படையை வென்று, அதன் தலைவர்களின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்தான். பிறகு குலசேகரன் இலங்கையோடு உறவாடத் தொடங்கவே, சோழர்களே வீரபாண்டியனை அரியணையில் ஏற்றினார்கள். பின்னர் மூன்றாம் குலோத்துங்க சோழன் அவனை இறக்கிவிட்டு விக்கிரம பாண்டியனுக்கு முடிசூட்டினான். உரிமை வீரபாண்டியனுடையதுதான், ஆனால் அதை எப்போது ஒப்புக்கொள்வது என்பதை மற்றவர்களே தீர்மானித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் போரில் இலங்கைப் படையை விரட்ட வேண்டி, சோழர்களின் சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன் கேட்டுக்கொண்டபடி சைவ ஆசாரியர் உமாபதிதேவர் 28 நாள் பூசை செய்த செய்தியைக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டில் காணலாம். அதுவரை பேசாமல் கேட்டுவந்த அப்பத்தா, இந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

“அவுகளுக்குப் பூசை நடந்துச்சு, சரி. அந்தப் பிள்ளைக்கு யாரப்பா வேண்டிக்கிட்டாக?”

என்னிடம் பதில் இல்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். வழக்கமாக வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் அப்பத்தா, “வீரபாண்டியன். நட்சத்திரம் தெரியாது சாமி” என்றார்.

“தெரியாவிட்டால் பரவாயில்லை ஆச்சி, சுவாமி பெயருக்கே செய்துவிடுகிறேன்.”

“சுவாமி பேருக்கும் செய்ங்க, அவன் பேரையும் ஒரு தடவை சொல்லிருங்க.”

குருக்கள் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு பைரவர் பக்கம் திரும்பி, அந்தப் பெயரை உரக்கச் சொல்லி அர்ச்சனையைத் தொடங்கினார்.