டெக்கில் பழைய ஸ்டெயினை உரிக்கும் வேலை: இதுவரை நடந்தது

வீட்டின் பின்பக்க டெக்குக்கு (மரப்பலகைத் தளம்) இந்த முறை மேலாக ஒரு கோட் அடித்து ஒப்பேற்றப் போவதில்லை, அடி மரம் தெரியும் வரை உரித்துவிட்டுத்தான் புது ஸ்டெயின் (மரத்துக்கு அடிக்கும் சாயப் பூச்சு) என்று முடிவு செய்திருந்தேன். வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. தரைப் பலகைகள் தயார். கிராதியில் கொஞ்சம் பாக்கி. படிகளில் இன்னும் கை வைக்கவில்லை. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதப்படுத்திய பைன் மரத்தில் செய்த டெக் இது. நடமாட்டம் உள்ள நடுப்பகுதியில் சாயம் தேய்ந்து மரம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கூரை நிழல் விழும் ஓரத்தில் மட்டும் பழைய பழுப்பு தடிப்பாக அப்படியே இருந்தது. இரண்டுக்கும் மேல் ஒரே ஸ்டெயினை அடித்தால் ஒரு பக்கம் மரம் உறிஞ்சிக்கொள்ளும், இன்னொரு பக்கம் மேலேயே பிசுபிசுவென்று நிற்கும். எண்ணெய் ஸ்டெயின் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி வேலை செய்கிற பொருள். துளை அடைபட்டிருந்தால் எவ்வளவு நல்ல சரக்கு வாங்கினாலும் பயன் இல்லை. அதனால் உரிப்பது எதற்கு என்று கேட்டால், பழைய நிறத்தைப் போக்குவதற்கு என்று சொல்ல மாட்டேன். மரம் மறுபடி குடிக்க வேண்டும், அதற்குத்தான். இந்த வேலை முழுவதிலும் நான் நம்பியது கண்ணை அல்ல, தண்ணீர்ச் சொட்டை. பலகையில் நாலைந்து சொட்டு விட்டுப் பார்ப்பது. முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. சில நிமிடத்தில் உள்ளே இறங்கி மரம் கருத்தால் துளை திறந்துவிட்டது.

முதலில், மேலே என்ன இருக்கிறது?

எந்த மருந்து வாங்குவது என்பதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். தரைப் பலகையில் நகத்தால் சுரண்டினால் எதுவும் உரிந்து வரவில்லை. நிறம் மரத்தோடு மரமாக இருந்தது, ரேகை தெளிவாகத் தெரிந்தது. அது உள்ளே இறங்கிய எண்ணெய் ஸ்டெயின். கிராதியில் கதை வேறு. ரேகையே தெரியாத அளவு மூடிய நிறம், விளிம்புகளில் செதில் செதிலாகத் தூக்கியிருந்தது. ஆல்கஹால் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்ததும் இளகித் துணியில் நிறம் ஒட்டியது. அதாவது தண்ணீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக் வகை. ஒரே டெக்கில் இரண்டு வகை. எனவே இரண்டு வேலை.

ஏன் இந்த வித்தியாசம் இவ்வளவு முக்கியம் என்றால், டெக் ஸ்டெயினை உரிக்க விற்கும் மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றில் கலந்த ஸ்டெயின், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மரத்துக்குள் இறுகியிருக்கும். காஸ்டிக் பட்டதும் அந்த எண்ணெய் உடைந்து சோப்பாகிறது. சோப்பு காய்ச்சும்போது நடக்கிற அதே வினைதான். சோப்பானதைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். அக்ரிலிக்கில் அப்படிச் சோப்பாகும் எண்ணெய் இல்லை. அது பிளாஸ்டிக் படலம். காஸ்டிக்கை எத்தனை தடவை பூசினாலும் அங்கங்கே இளகும், பாதி நிற்கும். "ஸ்ட்ரிப்பர் (உரிக்கும் மருந்து) வேலையே செய்யவில்லை" என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான்.

இன்னொன்றும் பார்த்துக்கொண்டேன். பழைய பதப்படுத்திய மரங்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அமெரிக்காவில் 2003 கடைசியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். என் டெக் அதற்கு வெகு பின்னால் கட்டியது, ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்து ஏற்றிய மரம். பழைய மரம், என்ன மருந்து என்று தெரியாது என்றால் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறதா என்ற சோதனையும் முதலில் நடக்க வேண்டும்.

சோதனைத் துண்டு

மேசைக்கு அடியில் மறையும் ஒரு பலகையில் இரண்டு மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்று சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் போட்டால் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிந்து பொங்கும். சாம்பல் பூத்த பகுதியில் அழகாக வேலை செய்தது. வெயிலில் செத்த நார், பாசி, அழுக்கு எல்லாம் நுரையோடு வந்துவிட்டன. தடிப்பான பழுப்பில் மட்டும் அரைகுறை. கழுவிக் காயவிட்டுச் சொட்டு விட்டேன், முத்து முத்தாக நின்றது. காஸ்டிக் போட்ட பக்கத்தில் தண்ணீர் உடனே இறங்கியது. ஆகவே தரைக்குக் காஸ்டிக். சாயம் லேசாக மங்கிப்போன டெக் என்றால் பெர்கார்பனேட்டோடு நிறுத்திக்கொள்வேன். மரத்துக்கு அது எவ்வளவோ மிருதுவானது. கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மூடி போட்டு இறுக்கி வைக்கக் கூடாது. ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருப்பதால் டப்பா வெடித்துவிடும்.

தரை

காஸ்டிக் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி, பூட்ஸ். இதில் எதையும் விடக் கூடாது. தூளாக வாங்கியிருந்தால் தண்ணீரில் தூளைத்தான் போட வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். நான் வாங்கியது கரைத்தே வரும் கெட்டித் திரவம் என்பதால் அந்தச் சிரமம் இல்லை. டெக்கை ஒட்டிய செடிகளைத் தொடங்குவதற்கு முன்னால் வேரோடு நன்றாக நனைத்து வைத்தேன். பிளாஸ்டிக் போர்வை மருந்து போடும் நேரத்துக்கு மட்டும்தான், அதற்கு மேல் வைத்தால் அந்தப் புழுக்கத்திலேயே செடி வாடிவிடும். கதவின் அலுமினியச் சட்டத்துக்கு டேப் ஒட்டினேன். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், கண்ணாடியில் காய்ந்தால் தடம் விழும்.

தேய்க்க நைலான் பிரஷ். இயற்கை முடி பிரஷ் காஸ்டிக்கில் கரைந்தே போகும். கம்பி பிரஷ், ஸ்டீல் உல் பக்கமே போகவில்லை. மரத்தில் தங்கும் இரும்புத் துணுக்கு பிறகு கரும்புள்ளியாக எழும்பும்.

மேகமூட்டமான காலையாகப் பார்த்து ஆரம்பித்தேன். வெயில் பட்டால் மருந்து காய்ந்துவிடும், காய்ந்தால் வேலை நின்றுபோகும். மூன்று மூன்று பலகையாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பூசினேன். குறுக்கே பாதியில் நிறுத்தினால் அந்தக் கோடு கடைசி வரை தெரியும். பூசியதும் தேய்க்க வேண்டாம், சும்மா விட வேண்டும். பத்து நிமிடத்தில் நிறம் இளகி ஓடத் தொடங்கியது, தடிப்பான ஓரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் வரை பிடித்தது. நடுவில் காயத் தொடங்கும் இடங்களில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரம் காத்தேன். அப்புறம் ரேகை போகும் திசையில் பிரஷ். கரும்பழுப்புச் சேறாகக் கிளம்பியது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கழுவுவதற்கு பிரஷர் வாஷர். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உரிப்பது மருந்தின் வேலை, வாஷர் கழுவுவதற்கு மட்டும். அழுத்தத்தைக் கூட்டி அதைக் கொண்டே சாயத்தைப் பெயர்க்கப் பார்த்தால் மரத்தின் மென்மையான பகுதி வெட்டுப்பட்டுப் போகும், கெட்டியான ரேகை மட்டும் வரம்பாக நிற்கும். அதை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்வதற்குள் உயிர் போய்விடும். பைன் போன்ற மென்மரத்துக்கு 500 முதல் 600 பி.எஸ்.ஐ. (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) போதும். தண்ணீரை விசிறியாக விரிக்கும் 40 டிகிரி முனை, பலகையிலிருந்து ஓர் அடி தூரம், கை நிற்காமல் ரேகையோடு நகர வேண்டும். கழுவி முடித்ததும் செடிகளுக்கு மறுபடி ஒரு முழுக்கு.

கருத்துப்போகும் மரம்

காஸ்டிக் போட்ட மரம் காயும்போது கருத்துப் பழுத்து நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு மரம் கெட்டுவிட்டதோ என்று பகீர் என்றிருக்கும். கெடவில்லை. மரத்திலுள்ள டேனின் போன்ற துவர்ப்புச் சத்துகள் காரத்தோடு சேர்ந்தால் நிறம் இருளும். பைனில் குறைவு. சீடார், ஓக், தேக்கு போன்றவற்றில் இன்னும் அதிகம் தெரியும். இந்தக் கருமையைப் போக்குவது ஆக்ஸாலிக் ஆசிட். லிட்டருக்கு 30 கிராம் போல வெந்நீரில் கரைத்து, ஆறியதும் ஈரப் பலகையில் தெளித்து, கால் மணி நேரம் விட்டுக் கழுவினேன். கண்ணெதிரே மரம் வெளுத்து, புதுப் பலகையின் இளமஞ்சள் திரும்பி வந்தது. இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது.

நிறத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. மரத்துக்குள் தங்கிய காரத்தை அமிலம் முறிக்கிறது. முறிக்காமல் விட்டால் அந்த மிச்சக் காரம் புது எண்ணெய் ஸ்டெயினையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்கும். கழுவிய ஈரத்தில், அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பி.ஹெச். தாள் வைத்துப் பார்த்தேன். காஸ்டிக்குக்குப் பிறகு நீலம் காட்டியது, ஆசிட் போட்டுக் கழுவிய பிறகு வெறும் குழாய்த் தண்ணீரின் நிறத்தோடு ஒத்துப்போனது. ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி இருந்த கருநீல வளையங்களும் இதிலேயே மறைந்தன. அவை இரும்பும் டேனினும் சேர்ந்து உண்டான கறை. குளோரின் பிளீச்சால் அது போகாது. பிளீச் மரத்தின் நாரையும் கெடுக்கும். அமிலத்தோடு கலந்தால் விஷ வாயு கிளம்பும். டெக் பக்கமே அதைக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆக்ஸாலிக் ஆசிடும் உள்ளே போனால் விஷம்தான், அதே கையுறை, அதே கண்ணாடி.

கிராதி

இங்கேதான் பொறுமை தீர்கிறது. முதலில் ஒரு தூணில் பென்சைல் ஆல்கஹால் அடிப்படையில் செய்த ஜெல்லைத் தடவிப் பார்த்தேன். நிமிர்ந்த மரத்தில் வழியாமல் நிற்கிறது. மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிச் சில மணி நேரம் விட்டால் அக்ரிலிக் சுருங்கி எழும்புகிறது. சுரண்டியால் இழுத்தால் தோலாக வருகிறது. மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகை இதைவிட வேகம். ஆனால் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. 2019-இல் அமெரிக்கா பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர்களில் அதைத் தடை செய்தது. எனக்கு அந்த வேகம் வேண்டாம்.

ஜெல் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் வரிசையாக நிற்கும் குச்சிகளின் நாலு பக்கமும் இப்படிச் சுரண்டுவது பெரும்பாடு. யோசித்துப் பார்த்தேன். கிராதிக்கு மறுபடி மூடு நிற ஸ்டெயின்தான் அடிக்கப் போகிறேன். அது மேலே படலமாக உட்காரும் வகை, மரத்துக்குள் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. அப்படியானால் கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய படலத்தைப் பெயர்த்து எடுப்பதில் என்ன லாபம்? எனவே கைப்பிடிப் பலகையை மட்டும் முழுதாக உரித்தேன், மழையும் வெயிலும் நேராக விழும் இடம் அது. குச்சிகளில் தூக்கிய செதில்களைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து விட்டேன். டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்ததில் மிச்சம் இருப்பது அசையவில்லை. உரிப்பதிலேயே முழுமை வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போவதில்லை.

உப்புத்தாள்

தரை காய்ந்ததும் சிலாம்பு எழும்பி, கை வைத்தால் சொரசொரவென்று இருந்தது. மேலெழுந்த ஆணி, ஸ்க்ரூ தலைகளை உள்ளே இறக்கிவிட்டு முதலில் 60, பிறகு 80 நம்பர் தாள் (நம்பர் கூடக் கூட நைசு). அதோடு சரி. 120, 150 என்று போய் மழமழவென்று ஆக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஸ்டெயின் உள்ளே இறங்காது. வெட்டுமுனைகளுக்கு மட்டும் 100 போட்டேன். அவை மற்ற இடத்தைவிட அதிகம் குடித்துக் கருத்துப்போகும், கொஞ்சம் நைசாக இருந்தால் அந்தத் தாகம் மட்டுப்படும். தூசி முகமூடி கட்டாயம். முடிந்ததும் வாக்குவம் போட்டு, பலகை இடுக்குகளில் சேர்ந்ததைப் பட்டி பிளேடால் கிண்டி எடுத்தேன். இடுக்குகளின் உள்பக்கம் பழைய நிறம் கொஞ்சம் தங்கியிருக்கிறது. அடிக்கப்போகும் நிறம் அதைவிட ஒரு படி கருமை, மூடிவிடும்.

இப்போதைய நிலை

ஈரமானி வைத்துப் பார்த்தேன். வெயில் படும் பலகைகள் 12, 13 சதவீதம் காட்டுகின்றன. கூரை நிழலில் இருப்பவை இன்னும் 18-ஐ விட்டு இறங்கவில்லை. 15-க்குக் கீழே வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். தண்ணீர்ச் சொட்டு எல்லாப் பலகையிலும் இறங்குகிறது, நிழல் ஓரத்திலும். ஒரு முடிச்சைச் சுற்றி மட்டும் நின்றது. பழைய ஸ்டெயின் இல்லை, பிசின். அதை ஆல்கஹாலால் துடைத்துவிட்டேன்.

ஸ்டெயின் ஒரே ஒரு கோட்தான், மரம் குடிக்கிற அளவுக்கு. மிஞ்சி மேலே நிற்பதைக் கால் மணி நேரத்துக்குள் துணியால் துடைத்துவிடுவேன். அந்தத் துணிகளைச் சுருட்டிப் போடக் கூடாது, காயும் எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் போட்டு மூட வேண்டும். நிழல் பலகைகள் காயும் வரை படி வேலை ஓடும். படியிலும் எண்ணெய் ஸ்டெயின்தான், அதே காஸ்டிக், அதே ஆசிட். நிமிர்ந்த பலகைகளில் மருந்தைக் கீழிருந்து மேலாகப் பூசப் போகிறேன், மேலிருந்து வழிந்தால் காய்ந்த மரத்தில் கோடு விழுந்துவிடும்.