குடிச்சா போகவேணும் டீச்சர்

"நீங்க அங்க போவீங்களா டீச்சர்?"

வாய்க்காரப் பிள்ளை ஒன்று கேட்டிருந்தால் அதட்டிவிட்டுப் போயிருப்பேன். இவள் நாமாகக் கேட்டால்தான் வாய் திறப்பவள். குரலில் நக்கலும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அதனால்தான் இன்னும் அது மனதில் கிடந்து உழல்கிறது.

கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்து வகுப்பறைகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இடைவேளை முடிந்து வரும் பிள்ளைகள் அப்படியே மேசையில் தலையை வைத்துவிடுவார்கள். ஒருவருக்குத் தலையிடி, இன்னொருவருக்கு வயிற்றுவலி. காலையில் சாப்பிடாமல் வருவதுதான் காரணம் என்று ஆசிரியர்கள் எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம். தற்செயலாகப் போத்தல்களைத் தூக்கிப் பார்த்தேன். முக்கால்வாசிப் போத்தல்களில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது. இந்த வயதுப் பிள்ளைக்கு, சாப்பாட்டில் சேரும் நீரையும் கணக்கெடுத்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லீற்றர் தேவை. வெயிலில் ஓடி விளையாடினால் இன்னும் கூட. கேரளத்தில் 2019இல் பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கிய செய்தியை வாசித்த ஞாபகமும் இருந்தது. மணி அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. என் வகுப்புக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டேன்: வீட்டுக்குப் போக முன் எல்லாரும் வெறும் போத்தலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அந்தச் சட்டம் சரியானதுதான் என்று இப்போதும் சொல்வேன். தலையிடி குறைந்தது. சரி, குறைந்தது போலத் தெரிந்தது.

இவளுடைய போத்தல்தான் எப்போதும் முதலில் வெறுமையாகும். மற்றப் பிள்ளைகளுக்கு இவளைக் காட்டிப் பேசியும் இருக்கிறேன். பிறகு ஒருநாள் குழாயடிக் குரோட்டனுக்கு அவள் தண்ணீர் ஊற்றுவதைக் கண்டேன். ஏன் என்று கேட்டேன்.

"குடிச்சா ஒண்டுக்குப் போகவேணும் டீச்சர்."

"போனா என்ன மகள்?"

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

போனால் என்ன என்று எனக்குத் தெரியும். கொழுக்கி இல்லாத கதவு. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவள் சிரிப்புக்காகக் கதவை விட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அழுகை. பத்து, பதினொரு வயதில் பெரியபிள்ளையாகிவிட்டவர்களின் பாடு இன்னும் மோசம். பெண்பிள்ளைகள் 25 பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் பாடசாலைகளுக்காக 2009இல் வெளியிட்ட வழிகாட்டி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நாங்கள் அதிலிருந்து பெரிய தூரத்தில் இல்லை. படிவத்தில் எழுதக் கூச்சம் வராது. கொழுக்கியை எழுதத்தான் அதில் இடமில்லை. (ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மதில் இருக்கிறது. அது வேறு கதை.)

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடக்கி வைக்கக் கூடாது மகள், வருத்தம் வரும்." சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்வது ஏறக்குறைய 350 மில்லிலீற்றர். அரை லீற்றர் போத்தலைக் குடித்துவிட்டு பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை மணிவரைக்கும் தாக்குப்பிடிப்பது கஷ்டம். பெண்பிள்ளைகளுக்குச் சிறுநீர்க் குழாய் கட்டை என்பதால் கிருமி சுகமாக ஏறிவிடும். அடக்கி அடக்கிப் பழகினால் அந்தத் தொற்றுக்கு வழி இன்னும் இலேசு. அதோடு மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் தலையாட்டினாள். கேட்டதற்கு டீச்சர் பதில் சொல்லவில்லை என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

அங்கே நான் போவதில்லை. எங்களுக்கென்று பூட்டும் சாவியும் சவர்க்காரமும் உள்ள இடம் வேறாக இருக்கிறது. அதையும் நான் பாவிப்பது எப்போதாவதுதான். ஏழரைக்கு உள்ளே போனால், தரம் 5 வகுப்பை விட்டுவிட்டு எழும்பிப் போக மனம் வராது. இடைவேளை கொப்பி திருத்துவதில் போய்விடும். ஆகவே நானும் குடிப்பதில்லை. என் போத்தலை யாராவது தூக்கிப் பார்த்தால் தெரியும். சலத்தில் கிருமி என்று மருந்து எடுத்தவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு, "சாவி என்ட மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. தேவையெண்டா கேட்காம எடு" என்றேன். இரக்கத்தில் செய்தேனா, அந்தக் கேள்வியின் வாயை அடைக்கச் செய்தேனா? இரண்டும் கலந்திருக்கலாம். சாவி ஒருத்தியிடம் நிற்குமா? அவளுடைய கூட்டாளிகள் போனார்கள், பிறகு பக்கத்து வகுப்பும் வந்தது. மூத்த ஆசிரியை ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பிள்ளைக்குக் குடுத்தா எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கவேணும். இல்லாட்டி ஒருத்தருக்கும் குடுக்கப்படாது."

"அப்ப அந்தப் பிள்ளை ஒண்டரை மட்டும் அடக்கிட்டு இருக்கட்டா அக்கா?"

"நாம இருக்கல்லியா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்திருக்கிறார். முதலில் சொன்னதும் நியாயம். எல்லாருக்கும் கொடுத்தால் அந்த இடமும் ஒரு மாதத்தில் மற்றதைப் போல ஆகிவிடும். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் அவள் டீச்சருடைய செல்லம். ஆனாலும் "நாம இருக்கல்லியா" என்பதை என்னால் தள்ளவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் நானும் இருந்துதான் காட்டிக்கொண்டிருந்தேன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே.

சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக, பாட நேரத்திலும் கேட்காமல் இரண்டு இரண்டு பேராகப் போகலாம் என்றேன். இடைவேளை நெரிசல் இல்லாதபோது கதவு பிடிக்க ஆள் இருந்தால் சமாளிப்பார்கள் என்று ஒரு கணக்கு. புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் இதைச் செய்தால் பெற்றோர் விடுவார்களா? "பாடத்துக்கு நடுவுல எழும்பி எழும்பிப் போனா எப்படி மார்க்ஸ் வரும் டீச்சர்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். தலையிடியோடு இருந்து எழுதுவதைவிட நல்லம் என்றேன். அடித்துச் சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஆதாரம் இல்லை. அதற்குள் மழையும் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் தலையிடி எப்படியும் குறையும்.

போத்தல் தூக்கிக் காட்டும் சட்டத்தை விட்டுவிட்டேன். விட்டது நல்லதா என்று தெரியவில்லை. சில பொடியன்மார் இப்போது மறுபடியும் முழுப் போத்தலோடு வீட்டுக்குப் போகிறார்கள். இவள் குடிக்கிறாளா என்று நான் பார்ப்பதில்லை. பார்த்தால் அவள் மறுபடியும் எனக்காகக் குரோட்டனைத் தேடுவாளோ என்ற யோசனைதான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கொழுக்கியைப் பற்றிப் பேசினேன். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தச்சு வேலை செய்யும் தகப்பன் ஒருவர் மட்டும் எத்தனை கதவு என்று கேட்டு, ஒரு சனிக்கிழமை வந்து எல்லாக் கதவுக்கும் கொழுக்கி பூட்டிக் கொடுத்தார். இப்போது பிரச்சினை தண்ணீர். காலையில் ஒருமுறை மோட்டர் போட்டுத் தாங்கியை நிரப்புகிறார்கள், இடைவேளையோடு அது முடிந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு இன்னொருமுறை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.