எண்ணூர் ரோட்டில் ஸ்போர்ட்ஸ் பைக்: தினசரி ஓட்டுகிறவர்களுக்கு

ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, முதுகு வலிக்குமா என்றுதான். வலிக்கும். அதற்கு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி பக்கம் தினமும் ஓட்டினால், நம் முதுகுக்கு முன்னால் வண்டிதான் படுத்துக்கொள்ளும். கடல் பக்கமிருந்து உப்புக்காற்று, ரோட்டில் கண்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதி, எண்ணூர் நெருங்க நெருங்க நிலக்கரித் தூளும் சாம்பலும். சாதாரண கம்யூட்டர் வண்டியில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். ஃபேரிங், அதாவது பக்கவாட்டை மூடும் பிளாஸ்டிக் கவசம், போட்ட வண்டியில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஷோரூம் பளபளப்பு, உள்ளே துரு.

முதல் பலி செயின். செயினுக்கு மசகு ஸ்ப்ரே அடித்த ஈரத்தின் மேல் இந்தப் புழுதி படிந்தால், அம்மியில் அரைத்த விழுது மாதிரி கருப்பாகத் திரளும். அந்த விழுதுதான் ரோலரையும் ஸ்ப்ராக்கெட் பல்லையும் தின்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்பது பொதுக்கணக்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் தினம் போய்வருகிறவர்கள் 300-க்கே செய்துவிடுவது நல்லது. மழையில் நனைந்தால் கணக்கே பார்க்காதீர்கள், அன்றைக்கே செய்யுங்கள்.

பேடாக் ஸ்டாண்டில், அதாவது பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டில், வண்டியை ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் போட்டு ஓடவிட்டுத் துடைப்பதால் விரல் போனவர்கள் உண்டு. மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், இரண்டும் செயின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கெடுக்கும். ஓ-ரிங் போனால் உள்ளே கம்பெனி அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும், அதற்கு மேல் எந்த ஸ்ப்ரே அடித்தும் பயனில்லை. பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட்டு, செயினின் உள்பக்கமாக லூப் (மசகு ஸ்ப்ரே) அடியுங்கள். சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் வரும். 20 நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட லூப்தான் நாளைய விழுது. ராத்திரி வண்டி வந்து நின்றதும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அடித்தால் காலைக்குள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

செயினின் தொய்வு எத்தனை மில்லிமீட்டர் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். ஒரே இடத்தில் அளக்காமல், சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். 'டைட்டா வெச்சா பிக்கப் வரும்' என்று சொல்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இறுக்கமான செயின், பின்னால் ஆள் ஏறியதும் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கைத்தான் இழுக்கும்.

அடுத்தது முன் ஃபோர்க், முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர். யமஹா ஆர்15 வி4, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390 மூன்றிலும் தலைகீழ் ஃபோர்க். பளபளவென்ற குழாய் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோட்டுப் புழுதி நேராக அதில்தான் அடிக்கும். உப்பு பட்டு அதில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வந்தாலே போதும், ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஆயில் சீலைக் கீறும். சீல் போனால் ஆயில் குழாய் வழியாகக் கீழே இறங்கி பிரேக் காலிப்பர், பிரேக் பேட் வரை வந்துவிடும். ஆயில் குடித்த பேடைச் சுத்தம் செய்து திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வண்டியை நிறுத்தும்போது ஈரத்துணியால் அந்தக் குழாயை ஒரு துடைப்பு துடைத்துவிட்டால் இவ்வளவு செலவும் இல்லை. உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணலே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும்.

வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் எதற்கு? மெட்ரோ வாட்டர் இரண்டு பக்கெட் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை ரேடியேட்டருக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். அலுமினியத் தகடுகள் மடங்கிவிட்டால் காற்று போகாது. பின்பக்கமிருந்து முன்பக்கமாக, டியூப் தண்ணீர் மெதுவாக ஓடினாலே அடைத்த தூசி வெளியே வரும்.

அந்த ரேடியேட்டர்தான் கொருக்குப்பேட்டை கேட்டில் நம்மைக் காப்பாற்றுகிறது. ரயிலுக்காக நிற்கும்போது ஃபேன் சத்தம் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. டெம்பரேச்சர் விளக்கு எரிந்தும் ஃபேன் சத்தம் கேட்காவிட்டால்தான் பிரச்சினை. உடனே இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபியூஸ், கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். பல வண்டிகளில் கனெக்டருக்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட்டின் அளவை இன்ஜின் ஆறியபின் ரிசர்வ் டேங்கில்தான் பார்க்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும். அவசரத்துக்கு ஊற்றுவதென்றால் டிஸ்டில்ட் வாட்டர், குழாய்த் தண்ணீர் கூடாது.

இப்போது முதுகு. குனிந்து உட்காருகிற வண்டியில் வேகமாகப் போகும்போது எதிர்காற்றே நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். மூலக்கடை டிராஃபிக்கில் நெளிந்து நெளிந்து போகும்போது அந்தக் காற்று இல்லை, மொத்த பாரமும் மணிக்கட்டுக்கு வரும். முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்தால் பாரம் தொடைக்கும் வயிற்றுக்கும் போகும். டேங்க் வழுக்கினால் பக்கவாட்டில் கிரிப் பேட் ஒட்டிக்கொள்ளுங்கள். கிளட்ச் லீவரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி, முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வருமாறு வைத்தால் பாதி வலி போய்விடும். ஆர்15-இல் விவிஏ, அதாவது அதிக வேகத்தில் வால்வு திறப்பை மாற்றும் வசதி, வேலை செய்வதே 7,400 ஆர்பிஎம்முக்கு மேல். வியாசர்பாடி டிராஃபிக்கில் அது தேவைப்படப் போவதில்லை. முதல் கியரில் பாதி கிளட்ச் பிடித்தே ஊர்வதை விட, முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, கிளட்ச்சை முழுசாக விட்டு உருளுங்கள். கையும் பிழைக்கும், கிளட்ச் பிளேட்டும் பிழைக்கும்.

ஹேண்டில் அதிகம் திரும்பாது என்பதைப் பழைய பல்சர் பழக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் நுழைந்து வெட்டி எடுக்கலாம் என்று போனால் பாதியில் மாட்டும். டிரெய்லர் லாரியின் இடப்பக்கம் போகவே போகாதீர்கள். மணலி பக்கம் அவை இடது திரும்பும்போது முன்பாகம் வலப்பக்கம் விரிந்து போகும், பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டும். அந்த இடைவெளியை வழி என்று நம்பி நுழைகிற சின்ன வண்டி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

லாரி போகிற ரோட்டில் ஆணிக்கும் இரும்புத் துண்டுக்கும் பஞ்சமில்லை. டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் கையடக்க பம்ப்பும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் கிட்டில் இருக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் போட்டு ஓட்டாதீர்கள், டயர் மாற்றுங்கள். கிரிப்புக்காகக் காற்றைக் குறைப்பது ரேஸ் டிராக்கோடு இருக்கட்டும். இங்கே குறைத்தால் முதல் பள்ளத்திலேயே அலாய் ரிம் மடங்கும்.

மழைக்கு ஒரே விதி: சப்வேயில் தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் ஆக்ஸில் (நடு அச்சு) உயரத்தைத் தாண்டும்போல் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். உள்ளே நின்றுபோனால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள். இன்ஜின் ஆயிலில் பால் கலந்த நிறம் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் மாற்றாமல் செல்ஃப் ஸ்டார்ட்டைத் தொடக் கூடாது.

சர்வீஸுக்கு விடும்போது ஃபேரிங் கிளிப் எத்தனை என்று எண்ணி வையுங்கள். நடுவில் இருக்கும் ஊசியை உள்ளே அழுத்தினால் கிளிப் தளர்ந்து வெளியே வரும். மாட்டும்போது ஊசியை வெளியே தள்ளிவிட்டுச் செருகி, தலையோடு சமமாகும்வரை அழுத்த வேண்டும். இது தெரியாத பையன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைப்பான், இரண்டு கிளிப் குறைந்தே திரும்பி வரும். அடுத்த வாரம் ஸ்பீடு பிரேக்கர் தோறும் கடகடவென்று சத்தம்.

வீட்டில் இது ஒன்றுதான் வண்டி என்றால் அம்மாவை ஒருமுறை ஷோரூமுக்கே கூட்டிக்கொண்டு போய் பின்சீட்டில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். புடவையோடு ஒருக்களித்து உட்கார அந்த உயரமான, உள்ளங்கை அகல சீட்டில் இடமே கிடையாது. ரேஷன் அரிசிக்கும் மார்க்கெட் சாமானுக்கும் டேங்க் பேக் கொஞ்சம் உதவும். மற்றபடி பழைய ஸ்கூட்டியை விற்காமல் வைத்திருங்கள்.