முதலில் அழுக்கு, அப்புறம்தான் நசுங்கல்: பிரிஸ்டல் 1995 மான்டி கார்லோ

என் 24இல் ஒரு பங்கு அளவு மாதிரிக் காரின் மூக்கு நசுங்கிவிட்டது! நான் விரும்பிய இடத்தில், விரும்பிய மடிப்போடு, டீக்கல் (காரில் ஒட்டும் எழுத்துப்படம்) ஒன்றுகூடப் பெயராமல். நெடுநாள் இழுத்தடித்த கட்டம் இது. அதனால் கண்ணாடியும் டயரும் மாட்டுவதற்கு முன்பே எழுதுகிறேன்.

எந்தக் கார் என்று பலர் ஊகித்திருப்பீர்கள். 1995 ஆகஸ்ட் 26 இரவு, டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் ஓவல் டிராக்கில் டெரி லபான்டி வென்ற 5ஆம் எண் செவ்ரோலே மான்டி கார்லோ. 500 சுற்றுப் பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில், பின்னால் வந்த டேல் எர்ன்ஹார்ட் அவர் காரை இடித்தார். கார் நிலைகுலைந்து திரும்பியபடியே முடிவுக்கோட்டைக் கடந்து சுவரில் மோதியது. வென்றவர் லபான்டிதான். நசுங்கிப் புகைந்த அதே காரைப் பரிசு மேடைக்கு ஓட்டிச் சென்றார். குட்டை ஓவல் பந்தயங்களில் இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை.

இந்தக் காரைப் பளபளவென்று செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் நிறைய. எனக்கு வேண்டியது பரிசு மேடையில் நின்ற கார்.

சிக்கல் முன்பக்கத்தில். நம்மில் பெரும்பாலோர் செய்வது, பிளாஸ்டிக்கை உட்புறமாகச் சுரண்டி மெலிதாக்கி, சூடு காட்டி அழுத்துவது. தெருவில் ஓடும் காரின் பிளாஸ்டிக் பம்பருக்கு அது பொருந்தலாம். ஆனால் இது நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரின் கார். அந்தக் காலத்தில் அதன் மட்கார்டு கையால் வளைத்துப் பற்றவைத்த இரும்புத் தகடு. அது உருகாது, மடியும். மடிப்பின் முகடு கூர்மையாக நிற்கும், பக்கத்திலேயே தகடு விறைப்பாகத் தட்டையாக இருக்கும். சூடு காட்டிய பிளாஸ்டிக்கோ வெயிலில் வைத்த மெழுகுவர்த்திபோல் குழைந்து தொங்குகிறது.

ஆகவே பானட்டையும் இரண்டு முன் மட்கார்டுகளையும் வெட்டியெடுத்துவிட்டு, உலோகத்தில் செய்தேன். குளிர்பான டின் வேண்டாம். விறைப்பு அதிகம், அழுத்தினால் திரும்ப எழும்பிக்கொள்ளும். பார்சல் சாப்பாடு வரும் அலுமினியப் பெட்டியின் தகடுதான் சரி. வெட்டியெடுத்த பிளாஸ்டிக் மட்கார்டையே அச்சாக வைத்து, அதன்மேல் தகட்டைப் போர்த்தி, தேக்கரண்டியின் முதுகால் மெல்லத் தேய்த்தால் சக்கர வளைவு வரை அப்படியே படியும். உள்ளே ரேடியேட்டருக்கு முன்னால் வரும் குழாய்ச் சட்டத்தை முதலிலேயே அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் மூக்கு உள்வாங்க இடமிருக்காது.

இனி வரிசை. என் பிடிவாதமெல்லாம் இதில்தான். நசுக்கிவிட்டு வண்ணம் அடிப்பது சுலபம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் காரில் உள்ள கெல்லாக்ஸ் விளம்பர எழுத்து மடிப்பின்மேல் ஒட்டியதுபோல் தெரியும். எழுத்தோடு சேர்ந்து தகடு மடிந்ததாகத் தெரியாது. அந்தக் கார் ஏறக்குறைய 500 சுற்றும் நசுங்காமல் ஓடியது. மழையால் தடைப்பட்ட இரவு அது. பிரேக் தூள், டயர்த் துணுக்கு, மற்ற கார்கள் உரசிய கறுப்பு வட்டம் எல்லாம் முதலில் சேர்ந்தன. நசுங்கியது கடைசிச் சில நொடிகளில். மாதிரியும் அதே வரிசையில் நடக்க வேண்டும். அழுக்கு முதலில். நசுங்கல் பிறகு. மடிப்பின் உச்சியில் வண்ணம் பெயர்ந்து தெரியும் உலோகத்தில் ஒரு துளி அழுக்கும் இருக்கக் கூடாது.

இதற்கு வண்ணம் வளைந்து கொடுக்க வேண்டும். லேக்கர் வகை வண்ணம் வெடிக்கும். நீரில் கரையும் அக்ரிலிக்கை, உலோகத்துக்கான மிக மெல்லிய அடிப்பூச்சின்மேல் (மெட்டல் பிரைமர்), ஏர்பிரஷ் என்ற காற்றுத் தெளிப்பானால் பூசினேன். டீக்கலுக்குமேல் கிளியர் என்ற நிறமற்ற மேற்பூச்சு, மூடுபனிபோல் ஒரே ஒரு முறை, போதும். அழுக்கு காய்ந்ததும் முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, காரைக் கையில் பிடித்து, மேசையில் இறுக்கிய மரக்கட்டையில் வலது மூக்கை ஒரே அழுத்தாக அழுத்தினேன். இடுக்கியால் மடிப்பு செதுக்க வேண்டாம். செதுக்கிய மடிப்பு செதுக்கியதாகவே தெரியும். சுவரில் மோதிய தகடு தன் மடிப்பைத் தானே தேர்ந்துகொள்கிறது. பானட் நடுவில் கூரைபோல் எழும்பி நின்றபோது துள்ளிக் குதித்தேன். டீக்கல் தூக்கிய இரண்டொரு இடத்தில் மென்மையாக்கும் திரவம் தொட்டு வைத்ததும் படிந்துவிட்டது.

டீக்கல் பற்றி ஒரு வார்த்தை. பழைய கிட்டில் (மாதிரிக் காரின் பாகங்கள் வரும் பெட்டியில்) வருவது மஞ்சளித்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் வெளுக்கும். ஓர் இறக்குமதிக் கடைக்காரர் புதிய தாளுக்குக் கிட்டின் விலையையே கேட்டார். அநியாயம். ஜன்னல் இலவசம்.

காரை நிறுத்தப்போகும் டிராக் அடித்தளம் இன்னும் தொடங்கவில்லை. பிரிஸ்டல் என்றதும் தார் கறுப்பைப் பூசுபவர்களுக்கு: 1992இலேயே அங்கே தாரைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். வெளிர் சாம்பல்தான், அதன்மேல் ரப்பர்க் கறுப்புப் பட்டை. 36 டிகிரி என்று விளம்பரப்படுத்திய சாய்வும் திருப்பங்களுக்குத்தான், நேர்ப்பாதையில் அதைவிடக் குறைவு. 0.533 மைல் சுற்றை 24இல் ஒரு பங்காக முழுதாகச் செய்தால் சுமார் 36 மீட்டர் வரும். ஆகவே முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஒரு துண்டும் சுவரும் மட்டும்.

இதற்குள் அடுத்ததும் மனத்தில் வந்துவிட்டது. 1999 ஆகஸ்டில் அதே டிராக்கில் அதே இருவர். கடைசிச் சுற்றில் எர்ன்ஹார்ட் இடிக்க, இம்முறை லபான்டி சுழன்று நின்றார், எர்ன்ஹார்ட் வென்றார். எர்ன்ஹார்டின் கறுப்பு 3ஆம் எண் காரை 5இன் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும். அதைவிட ஆசை 1961 ஜூலை 30இல் அங்கே நடந்த முதல் பெரிய பந்தயத்தின்மேல். ஜாக் ஸ்மித் தன் போன்டியாக்கை 290 சுற்று ஓட்டி, சூட்டில் பாதம் கொப்பளித்ததால் இறங்க, ஜானி ஆலன் மீதி 210 சுற்றை ஓட்டி முடித்தார். வெற்றி ஸ்மித் பெயரில் பதிவானது. 1961 போன்டியாக்கின் மாதிரிக்கு, ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த மேலுடல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சேஸிஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.