மேடைக்குக் காத்திருக்கும் பாடகர்களும் ராயபுரத்து ஐஸ் வண்டியும்

கர்நாடக இசைக் கச்சேரிகளில் வயலின் பக்கவாத்தியம் வாசிப்பவன் என்ற முறையில், வாய்ப்புக்காகத் தவிக்கும் இளம் பாடகர்கள் பலரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அவர்களிடம் வித்தைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கணக்கில் குருவிடம் பாடம் கேட்டுத் தேறிய பிறகும், சென்னை மார்கழி சீசனில் ஒரு மதியக் கச்சேரியாவது கிடைக்குமா என்று கச்சேரிகளை நடத்தும் சபாக்காரர்களின் பதிலை எதிர்நோக்கி இருக்கிறார்கள். கிடைத்தாலும் பல இடங்களில் சன்மானம் பெயரளவுக்குத்தான். பக்கவாத்தியக்காரர்களுக்கு உரியதைப் பாடகரே கைக்காசிலிருந்து கொடுப்பதும் உண்டு. இவர்களோடு பேசும்போதெல்லாம், சிறு முதலில் தொழில் தொடங்கி நிலைத்து நின்ற இரண்டு தமிழர்களின் தொடக்க காலத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

சிவகாசியை அடுத்த திருத்தங்கலைச் சேர்ந்த ஆர். ஜி. சந்திரமோகன், 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் 250 சதுர அடி வாடகை இடத்தில் குச்சி ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார், தள்ளுவண்டியில்தான் விற்பனை. நகரத்தின் நல்ல கடைகளிலெல்லாம் பெயர்பெற்ற ஐஸ்கிரீம்கள் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. அந்தக் கடைகளின் வாசலிலேயே நின்று மன்றாடிக்கொண்டிருக்காமல், அவர் கல்லூரி விடுதிகளுக்கும் கேன்டீன்களுக்கும் கப்பல்களுக்கும் சரக்குக் கொடுத்தார். பிறகு பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத சிறு நகரங்களுக்குத் தன் அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். சென்னையில் வலுவாகக் காலூன்றியது அதற்குப் பிறகுதான்.

பாடகர்கள் கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் மயிலாப்பூர், தியாகராய நகர் அரங்குகளில், ஒரே நாளில் ஒரே நேரத்தில் பல கச்சேரிகள் நடக்கின்றன. ஒரு சில நூறு ரசிகர்களையே அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே வேளையில், நல்ல பாட்டை நேரில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பே இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. கரூரிலும் தேனியிலும் விருதுநகரிலும் கோயில் உற்சவங்கள் நடக்கின்றன, பள்ளி ஆண்டு விழாக்கள் நடக்கின்றன, நவராத்திரி கொலு வைக்கிறார்கள். அங்கே போய்ப் பாடுவதைத் தகுதிக் குறைவாக நினைக்கும் மனநிலை நம் சங்கீத உலகில் இன்னும் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தென்மாவட்டக் கோயில் கொடை விழாக்களுக்கு உரியதாக இருந்த வில்லுப்பாட்டைச் சுப்பு ஆறுமுகம் சென்னைக்கும் வானொலிக்கும் அரசின் விழிப்புணர்வு மேடைகளுக்கும் எடுத்துச் சென்றார். அவர் பயணம் செய்த திசை வேறு. ஆனாலும் வழக்கமான மேடைக்கு வெளியே கேட்பவர்களைத் தேடிப் போனதில் வேறுபாடில்லை.

இன்னொருவர் சி. கே. ரங்கநாதன். 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். ஷாம்பு என்பதையே அறியாத கிராமங்களில் அவருடைய ஆட்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூடியிருந்தவர்களின் முன்னால் ஒரு சிறுவனின் தலையில் ஷாம்புவைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் எல்லோரையும் அழைத்தார்கள். பொருளின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்காமல், கையால் உணரக் கொடுத்தார்கள்; வாங்கவும் சில்லறைக் காசு போதும்.

நம் கச்சேரி முறையிலோ புதியவர் நுழைய அப்படி ஒரு சிறிய வாசல் இல்லை. வர்ணத்தில் தொடங்கி ராகம் தானம் பல்லவி என்னும் நீண்ட பகுதி வழியாக மங்களம் வரை இரண்டரை மணி நேரம் முழுமையாகக் கேட்டால்தான் ரசனை என்று எதிர்பார்க்கிறோம். முக்கால் மணி நேரத்தில் நான்கு பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பாடலுக்கு முன் பொருளை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, மோகன ராகத்தின் ஐந்து சுரங்களைக் கேட்பவர்களையும் கூடவே பாடச் செய்யும் ஒரு நிகழ்ச்சியை அடுக்ககக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் நடத்த முடியும். இதனால் கலை நீர்த்துப்போகும் என்ற அச்சத்தை நான் ஏற்பதில்லை. பாடுகிற நான்கு பாடல்களைச் சுத்தமாகப் பாடினால் எதுவும் நீர்த்துப்போகாது.

பணப் பேச்சில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "நீங்களே பார்த்துச் செய்யுங்கள், மாமா" என்பதுதான் பெரும்பாலும் பதில். மரியாதைக்காகச் சொல்லப்படும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் போக்குவரத்துச் செலவும், மிருதங்கக்காரரின் வீட்டு வாடகையும் மறைந்து கிடக்கின்றன. பாக்கெட்டுக்குள் இருப்பதற்கும் பாக்கெட்டுக்கும் கடைக்காரரின் பங்குக்கும் ஆகும் காசைக் கூட்டிப் பார்க்காமல் எந்தத் தொழில்முனைவோரும் விலை குறிப்பதில்லை. பாடகரும் அப்படிக் கூட்டிப் பார்த்து, ஒரு தொகையைத் தெளிவாகச் சொல்லி, அதில் மூன்றில் ஒரு பங்கையாவது அச்சாரமாகப் பெற்றுக்கொள்வதில் எந்த அநாகரிகமும் இல்லை. கூத்துக் குழுக்களில் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்குவது பழைய வழக்கம்தானே!

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீம் கோடையில் விற்கும், மழைக்காலத்தில் படுத்துவிடும். நாகஸ்வரக்காரருக்குத் தையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள், ஆடியில் திருமணமே இல்லை. நல்ல மாதத்து வருமானத்தில் வெறும் மாதத்துக்கு ஒதுக்கி வைக்காத எந்தத் தொழிலும் தாக்குப்பிடிக்காது. பாட்டும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஷாம்புக்குத் தேவை கூடினால் இன்னோர் இயந்திரத்தை வாங்கிப் போடலாம். பாடகருக்கு இருப்பது ஒரே தொண்டை. தொடர்ந்து நான்கு நாள் கச்சேரி செய்தால் ஐந்தாம் நாள் தார ஸ்தாயி, அதாவது உச்சக் குரல், காலை வாரிவிடும். ஆகவே, எண்ணிக்கையைப் பெருக்கி வருமானத்தைக் கூட்டும் வழியை வணிகர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சன்மானக் கணக்கில் பயணத்தையும் பக்கவாத்தியத்தையும் எழுதும்போது, கச்சேரிக்கு மறுநாள் குரலுக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வையும் ஒரு செலவாகச் சேர்த்து எழுதுங்கள் என்று என்னோடு மேடையேறும் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன்.